காலி செய்த வீட்டின் விலாசம்

சம்பூர்ணம்

எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது. பெற்றது இரண்டு, வளர்த்தது நான்கு. நாத்தனார் போன பிறகு அவளுடைய இரண்டும் என்னிடம்தான் வளர்ந்தன. நான்கும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஸ்டெல்லாவுக்கு ஒரே பிள்ளை.

ஸ்டெல்லா யார் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் ஹாலில் மைக் பிடித்து உங்களுக்கு அனுபவம் சொல்லப்போகிறவள் அவள்தான். என்னை ஆபீசிலிருந்து போனில் கூப்பிட்டு, "மேடம், நீங்க சும்மா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்" என்றார்கள். அவளுக்கு ஹால், எனக்கு இரண்டு பக்கம். இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்த ஆபீசில் அதை முதலில் செய்தவளே நான்தான்.

எனக்குத் தமிழ் எழுத வராது என்பதையும் மறைக்கவில்லை. கோலார் தங்கவயலில் கன்னட ஸ்கூலில் எட்டாவது வரை போனேன். வீட்டில் பேசுவது தமிழ். அதை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். கல்யாணமாகி பெங்களூர் லிங்கராஜபுரம் வந்தபின் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, ஆபீசில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். சார்கள் பேப்பரில் எழுதிக் கொடுக்கும் சி பாஷைப் புரோகிராம்களை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் வேலை. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடுகிறதல்லவா? அப்படித்தான் சி எனக்கு வந்தது. ஒரு நாள் எங்கள் டீம் லீடு, "அம்மா, இந்த எடத்துல நான் எழுதினது வேற, நீங்க தட்டினது வேற. ஆனா நீங்க தட்டினதுதான் ஓடுது" என்றார். அதற்குப் பிறகு என்னையும் புரோகிராம் எழுத வைத்தார்கள். அந்த லீடின் பெயரை இங்கே போடமாட்டேன். அவர் எனக்கு வழி காட்டியவர். கதையில் அவருக்கு ஒரு சங்கடம் வருகிறது.

நாங்கள் எழுதியது புள்ளியியல் லைப்ரரி, அதாவது கணக்குப் போடும் புரோகிராம்களின் தொகுப்பு. நிறைய எண்களைக் கொடுத்தால் சராசரி, இடைநிலை, இருப்பதிலேயே சிறியது, இருப்பதிலேயே பெரியது எல்லாம் சொல்லும். யார் எந்த ஃபைலை எழுதினார்களோ அவர்கள் பெயர் அதன் முதல் வரியில் இருக்கும். அது எங்கள் ஆபீஸ் வழக்கம். மற்றவர்கள் பெயர் பல ஃபைல்களில் இருந்தது. என் பெயர் ஒரே ஒரு ஃபைலில். அந்த ஃபைலுக்கு நாங்கள் வைத்த பெயர் பை.

பை எதற்கு என்றால், எண்கள் எத்தனை வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சி பாஷையில் முதலிலேயே இத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கவேண்டும். அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் உட்கார இடமில்லை. அப்போது வேறு பெரிய இடம் பிடித்து, எல்லாரையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கவேண்டும். வாடகை வீடு மாறுவது போலத்தான். பெங்களூரில் குடும்பம் நடத்தியவளுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்? பிள்ளைகள் கூடக்கூட லிங்கராஜபுரத்துக்குள்ளேயே எத்தனை வீடு மாறியிருக்கிறேன்.

என் பை நிரம்பும்போதெல்லாம் இன்னும் நூறு பேருக்குக் கூடுதலாக இடம் பிடிக்கும். எல்லா எண்ணையும் புது இடத்துக்கு நகல் எடுக்கும். பழைய வீட்டை மட்டும் உடனே காலி செய்யாது. வேலை முடிகிற வரைக்கும் எல்லாப் பழைய வீட்டுச் சாவியும் என் இடுப்பிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நகல் எடுக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் அல்லவா? ஜாக்கிரதைக்காரி நான். என் பையைப் போட்டு எத்தனையோ வருஷம் எல்லாரும் வேலை செய்தார்கள். ஒருவரும் ஒரு தப்பு சொன்னதில்லை.

அப்புறம் ஸ்டெல்லா வந்தாள்.

இன்ஜினியரிங் படித்தவள். அவளும் லிங்கராஜபுரம்தான், சர்ச்சுக்குப் பின் தெரு. கம்பெனி கேப் வண்டியில் எனக்கு அடுத்ததாக ஏறுவாள். ஏறியதும், "அக்கா, குட்மார்னிங்க்கா" என்பாள். சில்க் போர்டு சிக்னல் வருவதற்குள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். எனக்கு அந்தத் தூக்கத்தைப் பார்த்தாலே வயிறு எரியும். வீட்டில் சமைத்து, நான்கு டிபன் டப்பா கட்டி, ஓடிவந்து ஏறுகிற எனக்கு ஒரு நாளும் கேபில் தூக்கம் வந்ததில்லை. தோளை நகர்த்தினால் அவள் தலை கண்ணாடியில் இடிக்கும். நகர்த்தமாட்டேன். ஆனால் எரியும்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவள் ஒரு பை எழுதினாள். அது நிரம்பினால் நூறு நூறாகக் கூட்டாது. இருப்பதைப் போல இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். அதனால் அடிக்கடி வீடு மாறவேண்டியதில்லை. மாறியவுடனே பழைய வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடும். லீடு பார்த்தார். "பிரமாதம்மா" என்றார். எனக்கு அவர் சொன்னது "தட்டினதுதான் ஓடுது" என்று மட்டும். அவளுக்குப் பிரமாதம்.

"சம்பூர்ணம்மா, நீங்களும் பாருங்க. எவ்வளவு சுருக்கமா எழுதியிருக்குது பாருங்க இந்தப் பொண்ணு" என்று என்னையே கூப்பிட்டுக் காட்டினார்.

"ரெண்டு மடங்கு எதுக்கு சார்? ஆள் வரலன்னா பாதி வீடு சும்மா கெடக்குமே" என்றேன்.

"கெடக்கட்டும்க்கா" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "தெனம் மூட்ட தூக்கறதுக்கு அது பரவால்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

லீடு முடிவு சொன்னார். பட்டு நூல் சோதனைச்சாலைக்காரர்கள் நம் லைப்ரரியைப் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு ஸ்டெல்லா பையைப் போட்டு ஓட்டுவோம். சரியாக ஓடினால் பழைய பையை லைப்ரரியிலிருந்து எடுத்துவிடலாம். அதாவது என் ஃபைல் போய்விடும். முதல் வரியோடு சேர்ந்து.

அந்தச் சோதனைச்சாலையில் ஒரு மெஷின். பட்டு நூல் ஓட ஓட அதன் தடிமனை அளந்து எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கண்டில் எவ்வளவு நூல் இருக்கிறது, எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு ரொம்ப முக்கியம் இருப்பதிலேயே சிறிய எண். நூல் எங்கே மெலிந்திருக்கிறதோ தறியில் அங்கேதான் அறும். சிறியதைக் கண்டுபிடிக்கும் ஃபைல் எங்கள் லீடு எழுதியது.

அந்த நாள் வந்தது. அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். முதலில் சின்னக் கண்டின் எண்களை ஓட்டினோம். எல்லாம் சரியாக வந்தது. லீடு ஸ்டெல்லாவைப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிறகு பெரிய கண்டு. சராசரி சரி, இடைநிலை சரி. இருப்பதிலேயே சிறிய தடிமன் மட்டும் மைனஸில் வந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஏன் சார், மைனசா? நூலே இல்லாத எடத்துக்கும் கீழ போயிடுச்சா எங்க நூலு?"

யாரும் சிரிக்கவில்லை. லீடு கேட்பதற்கு முன்னாலேயே நான் சொன்னேன். "புதுப் பை சார். ஸ்டெல்லாவோடது."

"என் பையில எல்லாம் சரியாத்தான் சார் இருக்குது. பத்து தடவ பாத்தேன்" என்றாள் ஸ்டெல்லா.

"பழசப் போட்டுப் பாருங்க" என்றார் லீடு.

என் பையைப் போட்டோம். எல்லா எண்ணும் சுத்தமாக வந்தது, மைனஸ் இல்லை. ஆனால் அதிகாரி கீழே போய் காபி குடித்துவிட்டு, பார்க்கிங்கில் யாரோ தெரிந்தவரிடம் பேசிவிட்டு மேலே வந்த பிறகுதான் வந்தது. "சரியா இருக்குது, ஆனா இவ்வளவு நேரமாம்மா?" என்றார் அவர். "மத்தியானம் முழு நாள் ஓடின எண்ணு போட்டுப் பாக்கணும். அதுக்கு நான் வீட்டுக்கே போயிட்டு வரலாம் போலிருக்கே."

லீடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சம்பூர்ணம்மா, சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஒங்க பைய கொஞ்சம் வேகமாக்க முடியுமா? ஆச்சுன்னா லைப்ரரியில ஒங்க பையே இருக்கட்டும். அந்தப் பொண்ணோடத எடுத்துடலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் எதற்கு மறைக்கவேண்டும்? என் பெயர் நிற்கும். அவள் பெயர் போகும். பிரமாதம் சொன்ன வாயாலேயே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரில் ஸ்டெல்லா தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகம் எதனால் குறைகிறது என்று எனக்குத் தெரியும். முழு நாள் எண்கள் வந்தால் நூறு நூறாகக் கூட்டி எத்தனை வீடு! அத்தனை வீட்டுச் சாவியும் இடுப்பில். கம்ப்யூட்டரில் மெமரி முழுக்க என் காலி வீடுகளே. மூச்சு விட முடியாமல் அது திணறுகிறது. அதனால் நூறை ஆயிரமாக்கினேன். பழைய வீட்டுச் சாவியை அவ்வப்போதே திருப்பிக் கொடுக்கும்படி மாற்றினேன். ஓட்டினேன். காற்றாகப் பறந்தது.

இருப்பதிலேயே சிறிய தடிமன் மைனஸில் வந்தது.

என் பையில். ஸ்டெல்லா கை படாத என் பையில்.

இன்னொரு தடவை ஓட்டினேன். வேறொரு மைனஸ் வந்தது. சாவி கொடுக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினேன். சரியாக வந்தது. அப்போதுதான் லீடு எழுதிய ஃபைலைத் திறந்து படித்தேன். சிறிய எண் எது என்று தெரிந்ததும் அவர் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அது எத்தனையாவது எண் என்றும் குறித்துக்கொள்ளவில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் விலாசத்தை வைத்திருந்தார். பெரிய கண்டு என்றால் எண்கள் வந்துகொண்டிருக்கும்போதே பை வீடு மாறிவிடுகிறது. விலாசம் பழையது. நான் சாவி கொடுக்காத வரைக்கும் பழைய வீடு பூட்டியே கிடந்தது. உள்ளே போட்டது போட்டபடி இருந்தது. அவர் போய்ப் பார்த்தால் சரியான எண்ணே கிடைத்தது. சாவியைக் கொடுத்தவுடன் அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். இவர் கதவைத் தட்டி அவர்கள் வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு வருகிறார். அதுதான் மைனஸ்.

ஸ்டெல்லா பையில் ஒரு குறையும் இல்லை. சாவியைக் கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. சாவி கொடுக்கும் வரியை எடுத்துவிட்டு, நூறுக்குப் பதில் ஆயிரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் மத்தியானம் ஓடிவிடும். வேகமும் போதும், எண்ணும் சரியாக வரும். யாரும் கேட்கமாட்டார்கள். என் பெயர் நிற்கும். லீடின் தப்பும் பூட்டின வீட்டுக்குள்ளேயே கிடக்கும். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் ஸ்டெல்லா பை உள்ளே வரும், நான் வெளியே.

பெரிய மனசு பண்ணி உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அப்படி இல்லை. எதிரில் அவள் சாதத்தைத் தொடாமல் படித்துக்கொண்டிருந்தாள் என்றேனே, அவள் ஸ்கிரீனில் எந்த ஃபைல் என்று எட்டிப் பார்த்தேன். அவளும் லீடின் ஃபைலைத்தான் திறந்து வைத்திருந்தாள். பாதி தூரம் வந்துவிட்டாள். இன்னும் ஒரு பக்கம் இறக்கினால் விலாசம் வைக்கும் வரி அவள் கண்ணில் படும். பட்டால் கண்டுபிடித்தது அவள் என்று ஆகிவிடும். பையும் அவளுடையது, கண்டுபிடிப்பும் அவளுடையது. அதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

எழுந்து ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் நான் ஓடியது அன்றைக்குத்தான்.

"சார், ஸ்டெல்லா பையில தப்பில்ல."

லீடும் அதிகாரியும் திரும்பினார்கள். "அப்புறம் எதுல?" என்றார் லீடு.

"ஒங்க ஃபைல்ல சார். விலாசத்த வெச்சிருக்கீங்க. பை எடம் மாறினா விலாசம் செத்துப்போவுது. என் பை பழைய எடத்த விடாம வெச்சிருந்ததால இத்தன நாளு தெரியல."

அவர் நேராக என் சீட்டுக்கு வந்தார். சாவி வரியைப் போட்டும் எடுத்தும் ஓட்டிக் காட்டினேன். அதற்குள் ஸ்டெல்லாவும் எழுந்து வந்து பின்னால் நின்றாள். "அய்யோ, அந்த வரிதானா! இப்பத்தான்க்கா அங்க வந்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பார்த்தீர்களா? நான் நினைத்தது சரி.

லீடு அதிகாரியிடம் திரும்பி, "சார், தப்பு இவங்க ரெண்டு பேரு பையிலயும் இல்ல. நான் எழுதினதுல இருக்குது. கொஞ்சம் நேரம் குடுங்க" என்றார். ஒளிக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. வெளியாள் முன்னால் அப்படிச் சொல்ல எல்லாருக்கும் வாய் வராது. விலாசத்தை எடுத்துவிட்டு, எத்தனையாவது எண் என்று குறித்துக்கொள்ளும்படி மாற்றினார். வீடு எத்தனை தடவை மாறினாலும் மூன்றாவது பிள்ளை மூன்றாவது பிள்ளைதானே? விலாசம்தான் மாறும்.

ஸ்டெல்லா பையைப் போட்டு முழு நாள் எண்களை ஓட்டினோம். அதிகாரிக்கு நாற்காலியைச் சரிசெய்துகொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை, விடை வந்துவிட்டது. எல்லாம் சரி. "இந்தாம்மா, இதுதான் வேணும்" என்று ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லீடு என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்டெல்லா, ஒன் பை வந்ததாலதான்மா இந்தத் தப்பு வெளிய வந்துச்சு. இல்லன்னா இன்னும் எத்தன வருஷம் உள்ளயே இருந்திருக்குமோ!" பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "சம்பூர்ணம்மா, கரெக்டா புடிச்சீங்க. இனிமே ஒங்க பைக்கு ரெஸ்ட் குடுத்துடலாம்." அன்று சாயங்காலமே என் ஃபைலை எடுத்துவிட்டார்கள். லைப்ரரி முழுக்கத் தேடினாலும் என் பெயர் இல்லை.

கேபில் அன்று அவள் தூங்கவில்லை. மேம்பாலத்தில் ஏறியதும், "அக்கா, ஒண்ணு பண்ணிருக்கேன், திட்டக்கூடாது" என்றாள்.

"என்னடி?"

"பை ஃபைல்ல மொத வரியில ஒங்க பேரப் போட்டுட்டேன். எனக்கு மேல."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஃபைலைத் திறந்து என் பெயரை அழித்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏன்க்கா எடுத்துட்டீங்க?"

"நான் எழுதாத பைக்கு என் பேரு எதுக்கு? நாளைக்கு யாராவது வந்து இதுல ஒரு வரிய காட்டி ஏன் இப்படின்னு கேட்டா, நான் ஒன் மூஞ்சப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. "ஒங்கள மாதிரி பொறாமக்காரிய நான் பாத்ததே இல்லக்கா. ஆனா என் புரோகிராம இவ்வளவு கவனமா யாரும் படிச்சதும் இல்ல" என்றாள்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இடம் மாறக்கூடிய எதற்கும் விலாசத்தை நம்பாதீர்கள். எத்தனையாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடை வருகிறது என்பதற்காகப் புரோகிராம் சரி என்று நினைக்காதீர்கள். யாருடைய சாவியோ இன்னும் இடுப்பில் இருக்கலாம். அப்புறம் பொறாமை. அது வந்தால் வரட்டும். நமக்குப் பிடித்தவர்கள் எழுதிய புரோகிராமைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். யார் மேல் பொறாமையோ அவர்கள் எழுதியதை வரி வரியாகப் படிப்போம். படிக்கும்போது கண்ணில் படுவதை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த வரையில் அது ஒன்றுதான் கஷ்டம். மற்றதெல்லாம் பழகிவிடும்.

ஹாலில் ஸ்டெல்லா இந்தக் கதையைச் சொன்னால், நான் ஓடினேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாளா என்று கவனியுங்கள். நான் ரிட்டையர் ஆகி இத்தனை வருஷமாகியும் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பார்க்கிறோம். கொத்தமல்லிக் கட்டுகூட என்னைவிடக் குறைத்து வாங்கிவிடுகிறாள்.

அவ்வளவுதான். நிம்மி, பாட்டி சொல்லச் சொல்ல நீ தட்டியதையெல்லாம் முதலிலிருந்து மெதுவாகப் படி, கேட்கிறேன். அவள் பெயர்தான் நிறைய வரும். பரவாயில்லை, ஒன்றையும் எடுக்காதே. நீ தட்டினாய், ஆனால் இது நான் எழுதியது. தலைப்புக்குக் கீழே முதல் வரியில் என் பெயரைப் போட்டுவிட்டு, அங்கிருந்தே படி.